தேர் எந்தத் தெரு வரைக்கும் வருது? சமய வகுப்பில் சாதியையும் இனவெறுப்பையும் பேச, கொங்கு நாட்டு ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ குறளை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை நம் பக்கத்தில் எந்தப் பள்ளியிலும் இருக்காது. அதே பிள்ளைகள் மதியம் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவுக்கு வரும்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் யாருக்காக இடம் பிடிக்கிறார்கள், யார் கடைசியில் சுவர் ஓரமாகப் போய் உட்காருகிறார்கள் என்று தெரியும். குறளில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, சாப்பாட்டு வரிசை வரைக்கும் போய்ச் சேருவதில்லை.

அரசுப் பள்ளியில் நன்னெறி வகுப்பு எடுப்பவர், உதவிபெறும் பள்ளி ஆசிரியர், கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை திருமுறை சொல்லிக்கொடுப்பவர், ஞாயிறு பள்ளி அக்கா, மறைக்கல்வி ஆசிரியர், மதரஸா ஹஜ்ரத் என எல்லாரையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். சமத்துவம் பேசும் வரி எல்லாச் சமயத்திலும் இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த வரி நம் ஊரில் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது என்று பிள்ளைகளையே கேட்க வைக்க வேண்டும்.

சமயப் பாடத்தையும் இனவெறி எதிர்ப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை இங்கிலாந்தில் வெகு நாளாக நடக்கிறது. 1944 கல்விச் சட்டம் அங்கே பள்ளிகளில் சமயப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. வேண்டாம் என்றால் பெற்றோர் தங்கள் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். 1975இல் பர்மிங்காம் நகரம், கிறிஸ்தவத்தோடு மற்ற சமயங்களையும் சேர்த்த பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து பெரிய சர்ச்சையில் மாட்டியது. 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கருப்பின இளைஞர் லண்டனில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது இனவெறியர்களால் கொல்லப்பட்டார். அந்த வழக்கைப் போலீஸ் கையாண்ட விதத்தை விசாரித்த மெக்பெர்சன் அறிக்கை 1999இல் வந்தது. இனவெறியைத் தடுக்கும் வகையில் பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. பாலஸ்தீனத்தில் பிறந்த இயேசுவை ஏன் வெள்ளைக்காரராகவே வரைகிறோம் என்பது போன்ற கேள்விகள் அங்கே சமய வகுப்பிலேயே வந்துவிட்டன.

அங்கே தோல் நிறம் என்றால் இங்கே சாதி. பனியன் கம்பெனிகளும் நூல் மில்களும் வடமாநிலத் தொழிலாளர்களை நம்பி ஓட ஆரம்பித்த பிறகு, ‘வடக்கன்’ என்ற ஏளனமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் நம் ஆசிரியருக்கு வேலை இரட்டிப்பு.

முதலில் சட்டம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் முதல் புகாரிலேயே தலைமையாசிரியர் நிறுத்தச் சொல்லிவிடுவார். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. உதவிபெறும் பள்ளியிலும் அங்கீகாரம் பெற்ற பள்ளியிலும், பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையைச் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது. சமயங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு. 2002இல் அருணா ராய் வழக்கில், அது 28ஆவது பிரிவுக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக அரசுப் பள்ளி ஆசிரியர் ‘இந்தச் சாமியைக் கும்பிடு’ என்று சொல்ல முடியாது, ‘இந்த நூல் மனிதரைப் பற்றி இப்படிச் சொல்கிறது, நீ என்ன நினைக்கிறாய்’ என்று தாராளமாகக் கேட்கலாம்.

பாடக் குறிப்பேட்டில் தலைப்பை 15, 17ஆவது பிரிவுகளோடு சேர்த்து எழுதிவையுங்கள். பாகுபாட்டைத் தடுப்பதும் தீண்டாமையை ஒழித்ததும் அந்தப் பிரிவுகள்தான். யாராவது வந்து கேட்டால் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும்.

பிள்ளைகளிடம் போகும் முன் நம் பழக்கங்கள்

வகுப்பறையில் சாதியை முதலில் கொண்டுவருவது பெரும்பாலும் ஆசிரியர்தான், அதுவும் தெரியாமல். உதவித்தொகைப் பட்டியலை எல்லார் முன்னாலும் வாசிப்பது, ‘எஸ்.சி. பசங்க எழுந்திரு’ என்பது, பெருக்கவும் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றவும் எப்போதும் அதே பிள்ளைகளை அனுப்புவது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. பள்ளிகளில் சாதி பற்றி அது 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், சாதியைக் காட்டும் கலர் கயிறு கையிலும், அடையாளம் நெற்றியிலும் வேண்டாம் என்று பரிந்துரைகள் நீளும். நெற்றிப் பொட்டைப் பற்றிய பரிந்துரைக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. அகரவரிசை உட்காருதலுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

நம் பக்கம் கலர் கயிறு தென்மாவட்டம் அளவுக்குக் கண்ணில் படாது. கொங்கு நாட்டில் சாதியைக் கேட்கும் விதமே நாசூக்கானது. ‘எந்தூருங்க? உங்க குலதெய்வம் எதுங்க? என்ன கூட்டமுங்க?’ (கூட்டம் என்றால் சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு.) மூன்றாவது கேள்விக்குப் போவதற்குள் ஆளை எந்தத் திண்ணையில் உட்கார வைப்பது என்று முடிவாகிவிடும். அதனால்தான் சமய வகுப்பில் ரொம்பச் சாதாரணமாகக் கொடுக்கும் ஒரு வீட்டுப்பாடத்தை விட்டுவிடச் சொல்கிறேன். ‘உங்கள் குலதெய்வக் கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக.’ அந்த ஒரு பக்கத்தை வகுப்பில் வாசித்தால் மொத்தப் பேரின் சாதியும் வெளியே வந்துவிடும். காலனிப் பிள்ளை பொய் எழுதும், இல்லையென்றால் அன்றைக்கு லீவு போடும். ‘திருவிழாவில் நீ கேட்ட ஒரு சத்தத்தைப் பற்றி எழுது’ என்று கொடுங்கள். பம்பை, உறுமி, வாணவேடிக்கை, மைக்செட், பள்ளிவாசல் பாங்கு, சர்ச் மணி எல்லாம் வந்து சேரும். யார் வீடு எங்கே என்பது வராது.

இன்னொன்று, பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? வயசான தூய்மைப் பணியாளரைப் பெயர் சொல்லி, ‘வா போ’ என்று சின்னப் பிள்ளைகள் கூப்பிடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆசிரியர் ‘அக்கா, கொஞ்சம் வாங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தாலே பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள்.

எந்த வரியை எடுப்பது, எதை எடுக்காமல் இருப்பது

பஞ்சமே இல்லை. ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்றார் திருமூலர். ‘கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்’ என்று, சாத்திரம் பேசுபவர்களை நேராகப் பார்த்துக் கேட்டார் அப்பர். ஆணிலும் பெண்ணிலும் இருந்து உங்களைப் படைத்தோம், நீங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே பல கூட்டங்களாக ஆக்கினோம் என்கிறது குர்ஆனின் 49ஆவது அத்தியாயம். அரபியருக்கு அரபியர் அல்லாதவரைவிடவோ, வெள்ளையருக்குக் கருப்பரைவிடவோ இறையச்சத்தால் அன்றி மேன்மை இல்லை என்று நபிகள் தம் இறுதிப் பேருரையில் சொன்னதாக மரபு. யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் சுதந்திரரென்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார்.

கவனம் வேண்டிய இடமும் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லியே சாதியை உடைக்கும் பாட்டுகள் நம்மிடம் உண்டு. சிவவாக்கியரில் உண்டு, அப்பரிலேயே உண்டு. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் எட்டாம் வகுப்பில் அதை அப்படியே போர்டில் எழுதிப் போட்டால், அடுத்த இடைவேளையில் அந்தச் சொல் ஒரு பிள்ளையின் பட்டப்பெயராகிவிடும். கல்லூரி வகுப்புக்கு அது சரி. பள்ளியில் அந்தச் சொல் இல்லாத பாட்டாக எடுங்கள்.

நந்தனார் கதையை எடுக்காமல் இருக்க முடியாது, எடுப்பதும் சுலபமில்லை. சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவார் கதையை நாம் வழக்கமாக எப்படிச் சொல்கிறோம்? பக்தியால் உருகினார், தீயில் இறங்கித் தூய்மையாகி வந்தார், தில்லைக்குள் போனார். இதைக் கேட்கும் பிள்ளை என்ன எடுத்துக்கொள்ளும்? குறை அவரிடம் இருந்தது, தீ அதை எரித்தது என்றுதானே? கதையின் நடுவில் திருப்புன்கூர் வருகிறது. வாசலுக்கு வெளியே நின்றவருக்குச் சாமி தெரியவில்லை, நந்தி மறைக்கிறது. சிவன் நந்தியை விலகச் சொல்கிறார், விலகுகிறது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். ‘கல் நந்தி நகர்ந்தது. உள்ளே இருந்த மனிதர்களில் யாராவது வெளியே வந்து வாங்க என்று கூப்பிட்டார்களா?’ இதைக் கேட்டதும் வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், இருக்கட்டும். அப்புறம் திருப்பாணாழ்வார் கதையைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே ஆழ்வார் தீயில் இறங்கவில்லை. அவரை அவமதித்த லோகசாரங்க முனிவர்தான் தோளில் சுமந்துகொண்டு உள்ளே போகிறார். இரண்டு கதையிலும் யார் மாற வேண்டியிருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு முழு வகுப்புக்கு இதுவே போதும்.

ஞாயிறு பள்ளியில் நல்ல சமாரியன் கதைக்கும் இதே கதி. ‘சமாரியன்’ என்றாலே நல்லவன் என்று பிள்ளைகள் நினைக்கும் அளவுக்கு அந்தக் கதை பழகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த யூதருக்குச் சமாரியன் தீண்டத்தகாத அந்நியன், கதையின் உறுத்தலே அதில்தான் இருக்கிறது. அதனால் ஊரை மாற்றுங்கள். அவிநாசி ரோட்டில் ராத்திரி பைக்கில் அடிபட்டு ஒருவர் கிடக்கிறார். நமக்கு வேண்டியவர், மரியாதையானவர் இரண்டு பேர் காரில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மூன்றாவதாக நிற்பது யார்? ‘அந்த மூன்றாவது ஆள் நீங்கள் எதிர்பார்க்காத ஆளாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளைகளையே எழுத விடுங்கள். எழுதியதை எல்லார் முன்னாலும் வாசிக்க வைக்காமல் நீங்கள் மட்டும் படியுங்கள். ஒரு வகுப்பு யாரையெல்லாம் அந்நியராக நினைக்கிறது என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

மதரஸாவில் பிலாலைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. அபிசீனிய வம்சத்தவர், அடிமையாக இருந்தவர், தொழுகைக்கு அழைக்கும் முதல் முஅத்தின். பெருமையோடு சொல்வோம். நபித்தோழர் அபூதர் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, ‘உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது’ என்று நபிகள் கண்டித்த ஹதீஸ் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல மனிதரிடமும் இந்தக் குணம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பிள்ளை தெரிந்துகொள்ளும்.

‘எங்கள் மதத்தில் இதெல்லாம் கிடையாது’ என்ற வாக்கியத்தை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் தனி வரிசை போட்ட சர்ச்சும், சுவர் வைத்துப் பிரித்த கல்லறையும் இருந்திருக்கின்றன. பிள்ளைக்கு அது தெரியும். நீங்கள் இல்லை என்று சொன்னால் நம்பிக்கை போவது உங்கள் மேல்தான்.

ஒரு வகுப்பு, கிட்டத்தில் இருந்து

இனி இதன் மையமான பயிற்சி. எட்டாம் வகுப்புக்கு மேல், 45 நிமிடப் பாடவேளைக்குச் சரியாக வரும். சார்ட் பேப்பர் நான்கு, சிவப்பு நூல், சின்ன அட்டைகள், பசை போதும்.

உங்கள் ஊரின் வரைபடத்தைப் போடாதீர்கள், நிச்சயமாக வேண்டாம். இல்லாத ஊர் ஒன்றை உண்டாக்குங்கள். நான் ‘சும்மாபாளையம்’ என்று பெயர் வைப்பேன், பிள்ளைகள் சிரித்துவிட்டுச் சகஜமாகிவிடுவார்கள். நடுவில் மாரியம்மன் கோயில், வாசலில் கம்பம், பக்கத்தில் தேர்நிலை. நான்கு வீதிகள். ஊருக்கு மேற்கே தோட்டத்து வீடுகள், கிழக்கே பள்ளம் தாண்டிக் காலனி. பைபாஸ் பக்கம் ஒரு மில், அதற்குப் பின்னால் வடமாநிலத்தார் தங்கும் லைன் வீடுகள். ஒரு பள்ளிவாசல், ஒரு சர்ச். குழுவுக்கு ஒரு படம்.

முதல் பத்து நிமிடம் அட்டைகளை ஒட்டுவது. கம்பம் வெட்டிக்கொண்டு வருபவர், பூசாரி, பறை அடிப்பவர், மாவிளக்கு எடுப்பவர், அக்கினிச்சட்டி எடுப்பவர், வரி வசூல் செய்பவர், பந்தல் போடுபவர், சீரியல் லைட் கட்டும் ஒடிசா அண்ணன், மறுநாள் குப்பை அள்ளுபவர். யார் எங்கே நிற்பார், எதுவரை உள்ளே வருவார், எங்கே சாப்பிடுவார் என்று குழு பேசி ஒட்ட வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்தக் குழுவும் பறை அடிப்பவரைக் கோயிலுக்குள்ளே ஒட்டாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதைத்தான் பேசப்போகிறீர்கள்.

அடுத்து சிவப்பு நூல். தேர் போகும் வழியை நூலால் ஒட்டச் சொல்லுங்கள். நூல் நான்கு வீதியையும் சுற்றிவிட்டு நிலைக்கு வந்துவிடும். இப்போது கேளுங்கள். தேர் ஏன் பள்ளத்தைத் தாண்டவில்லை? ‘ரோடு குறுகல் சார்’ என்று ஒருவன் சொல்வான். சரி, நல்ல பதில், ரோட்டை அகலப்படுத்திவிடலாம். இப்போது போகுமா? அடுத்த கேள்வி வரியைப் பற்றி. திருவிழா வரியை யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை? ‘பாவம், அவங்க கஷ்டப்படறவங்க, அதனால வாங்கறதில்லைங்க’ என்று வரும். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பேசுங்கள். வரி கொடுத்தவருக்குத்தான் ஊரில் முறை உண்டு, மண்டகப்படி உண்டு, கூட்டத்தில் பேச்சு உண்டு. வரி வாங்காமல் விடுவது சலுகை மாதிரி தெரியும், ‘நீ இந்த ஊரில் கணக்கு இல்லை’ என்பதுதான் அதன் பொருள். பெரியவர்கள் பலருக்கே இது உறைப்பதில்லை. பதிமூன்று வயசுப் பிள்ளைகளுக்கு உடனே உறைக்கும், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியுமே.

மூன்றாவதாக, அப்பர் வரியையோ குறளையோ எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுங்கள். ‘இதைப் படத்தில் எங்கே ஒட்டலாம்?’ முதலில் கோயில் சுவரில் ஒட்டுவார்கள். ‘அங்கே ஏற்கெனவே கல்வெட்டாகவே இருக்கும். எங்கே ஒட்டினால் ஏதாவது மாறும்?’ என்று திரும்பக் கேளுங்கள். சிலர் பள்ளத்தின் மேல் பாலமாக ஒட்டுவார்கள், சிலர் வரி வசூல் செய்பவர் கையில் கொடுப்பார்கள், சிலர் லைன் வீட்டு வாசலில் வைப்பார்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஏன் அங்கே என்று ஒரு வாக்கியம் எழுத வையுங்கள். கடைசி ஐந்து நிமிடம் படங்களைச் சுருட்டி நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மாலையே போன் வரும்.

இந்த வகுப்பில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையையும் பார்த்து ‘உங்க பக்கம் எப்படி?’ என்று கேட்கக் கூடாது. காலனிப் பிள்ளை சாட்சி சொல்ல வரவில்லை, படிக்க வந்திருக்கிறது. அதுவாகவே பேசினால் கேளுங்கள். பேசி முடித்ததும் கைதட்டச் சொல்லாதீர்கள், அதைவிடக் கூச்சம் எதுவும் இல்லை.

‘சாமி குத்தம் ஆயிரும்’ என்று வரும்போது

கட்டாயம் வரும். ‘அது காலங்காலமா இருக்கற பழக்கமுங்க.’ கிண்டல் செய்தால் பிள்ளை வீட்டின் பக்கம் சாய்ந்துவிடும். பழக்கம் மாறிய கதைகளைத் தேதியோடு சொல்லுங்கள். 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போகக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு. ஈரோட்டில் இருந்து பெரியார் போனார், சிறைக்குப் போனார். அவர் மனைவி நாகம்மையும் போராட்டத்தில் நின்றார். 1925 கடைசியில் கிழக்குத் தெரு தவிர மற்றவை திறந்தன. கோயில் திறக்க 1936 ஆனது. மதுரை மீனாட்சி கோயில் 1939 ஜூலையில் திறந்தது. ராஜாஜி 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கித் தீண்டாமைக்கு எதிராக வேலை செய்தார். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் பணி நியமனம் 2021இல்தான் வந்தது. பிள்ளைகளைக் கொண்டு இதை ஒரு காலக்கோடாகச் சுவரில் போட வையுங்கள், கடைசியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு.

திருமுறை வகுப்பில் பெரியார் பெயரைச் சொல்லச் சிலருக்கு நாக்கு வராது, பகுத்தறிவு மன்றத்தில் நந்தனாரைச் சொல்லச் சிலருக்கு வராது. நம் ஊர் வரலாற்றில் ஆத்திகரும் நாத்திகரும் ஒரே தெருவைத் திறக்கத் தள்ளியிருக்கிறார்கள். பெயரைச் சொல்வதால் யாருடைய நம்பிக்கையும் குறைந்துவிடாது.

அண்ணன்மார் கதையையும் இதே வகுப்பில் தொடலாம், பார்த்துத் தொடுங்கள். உடுக்கையடித்து ராத்திரி முழுக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள். அதில் பகைவராக வரும் வேட்டுவரின் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்துப் பிள்ளையும் அதே பெஞ்சில் இருக்கலாம். பொன்னர் சங்கர் வீரத்தைப் பேசும்போது, கூடவே போரிட்ட சாம்புவனுக்குக் கோயிலில் எந்த இடத்தில் சிலை வைக்கிறோம் என்று கேட்டாலே பேச்சு சரியான பக்கம் திரும்பும்.

திருப்பூர்ப் பக்கத்து வகுப்புக்கு

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்து ஊருக்கு ரயிலேறியவர்கள் உண்டு. பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே அனுப்பி, அது திருப்பூரிலும் கோவையிலும் நேரில் விசாரித்தது. பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளோடு பேச இது நல்ல சம்பவம். பயம் இரண்டு பக்கமும் எப்படிக் கிளம்பியது, செல்போனில் வருவதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு வகுப்பு பேசலாம்.

அடுத்த வகுப்பில் கரும்பைக் கொண்டுவாருங்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் பீகார்க் குடும்பங்கள் சட் பூஜை செய்கின்றன. தண்ணீரில் நின்று மறையும் சூரியனுக்கும், மறுநாள் விடியலில் எழும் சூரியனுக்கும் படைக்கிறார்கள். படையலில் கரும்பு உண்டு, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த தேகுவா உண்டு. மேற்கு ஒடிசாவில் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் புது நெல்லைப் படைத்து நுவாகாய் கொண்டாடுகிறார்கள். நம் பொங்கலில் சூரியனும் உண்டு, கரும்பும் உண்டு, புத்தரிசியும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் போதும், ‘பாருங்கள், எல்லாரும் ஒன்றே’ என்று முடிக்காதீர்கள். வேறுபாடுகளையும் எழுதச் சொல்லுங்கள். ஒன்றரை நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்து ஆற்றிலோ குளத்திலோ நிற்கும் கடுமை பொங்கலில் இல்லை. வேறாக இருப்பதற்காக மரியாதை குறைய வேண்டியதில்லை என்பதையும் பிள்ளை பார்க்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளை ‘ஒடிசாப் பையன்’, ‘இந்திக்காரப் புள்ள’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாக்கு புரளாத பெயராக இருந்தால் அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் பழகுங்கள்.

இதேபோல, 1998 கோவை குண்டுவெடிப்புக்குப் பின் பிறந்த கோவை முஸ்லிம் பிள்ளைகளும் அதன் பழியைச் சுமக்கிறார்கள். குறிப்பிட்ட பகுதியின் பெயரைச் சொன்னாலே வாடகைக்கு வீடு தர யோசிக்கிறார்கள். ஒருவர் செய்ததற்கு ஒரு சமூகத்தையே பொறுப்பாக்கும் பேச்சு வகுப்பில் வந்தால், அதே அளவுகோலை எல்லாச் சாதிக்கும் மதத்துக்கும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரவர் சாதியின் மேல் அந்தக் கோல் வந்ததும் பேச்சு தானாக நின்றுவிடும்.

நிறம்

கலர் பென்சில் பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? இளஞ்சிவப்பு மாதிரி ஒன்று. வகுப்பில் ஒருவருக்கும் அந்த நிறம் இருக்காது. சின்ன வகுப்புக்கு இதுதான் பாடம். கார்மேக வண்ணன் என்று பாடிவிட்டுப் பெருமாளை என்ன நிறத்தில் வரைகிறோம்? கருப்பணசாமியைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்து பெஞ்ச் பிள்ளையைக் கருவாயன் என்பது ஏன்? இரண்டு மூன்று பழுப்புப் பென்சிலைக் கலந்து அவரவர் கையின் நிறத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பிறகு அதே நிறத்தில் கண்ணனையோ இயேசுவையோ வரையட்டும். ஆனைகட்டி, வால்பாறைப் பக்கத்து வகுப்புகளில் இருளர், மலசர், காடர் பிள்ளைகள் முடியையும் நிறத்தையும் வைத்துக் கேலிக்கு ஆளாவது தினமும் நடக்கிறது. அங்கே இதைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே செய்யுங்கள்.

வகுப்பில் சொல் தெறித்துவிட்டால்

ஒரு பிள்ளை இன்னொன்றைச் சாதி சொல்லித் திட்டிவிட்டது. உடனே பாடத்தை நிறுத்தி, ‘அந்தச் சொல் இந்த வகுப்பில் கிடையாது’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அங்கேயே நீளமாகப் பேசினால் அடிபட்ட பிள்ளைக்கு இரண்டாவது அவமானம். இடைவேளையில் அந்தப் பிள்ளையை முதலில் பாருங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். திட்டிய பிள்ளையைத் தனியாகப் பாருங்கள். அடிக்காதீர்கள், சட்டமும் அனுமதிக்காது. அந்தச் சொல் வீட்டில் எங்கே கேட்டது என்று அதுவே சொல்லும். எல்லார் முன்னாலும் கைகுலுக்க வைத்து, ‘சரி, இனி ஃப்ரெண்ட்ஸ்’ என்று முடிப்பது நமக்கு நிம்மதி, பிள்ளைக்கு இல்லை. தேதியோடு எழுதிவையுங்கள். மறுபடி நடந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பிள்ளையே உதவி கேட்க 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதிவையுங்கள்.

ஊரும் பெற்றோரும்

2018இல் அவிநாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்துச் சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என்று பெற்றோரே பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு வந்த பிறகு மாற்றல் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளும் குறளை ஒப்பித்தவர்கள்தான். ஊர் எந்தப் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்: ‘நன்னெறி வகுப்பில் எல்லாச் சமய நூலில் இருந்தும் சமத்துவம் பற்றிப் படிக்கிறோம்.’ உண்மையும் அதுதான். கோயில் தர்மகர்த்தா, பாதிரியார், ஜமாத் பெரியவர் என்று ஒவ்வொருவரையும் ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, அவரவர் நூலில் இருந்து ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் வாசித்தவர் பிறகு எதிர்த்துப் பேசக் கூச்சப்படுவார்.

பிள்ளைகளை ஊருக்குள் அனுப்பி, ‘எந்த டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறது என்று பார்த்து வா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை, அடி விழுந்தால் விழுவது பிள்ளை மேல்.

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் சுவர் இடிந்து தலித் மக்கள் 17 பேர் இறந்ததை, அந்த மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்று சொன்னதை, பதினொன்றாம் வகுப்புக்கு மேல் பேசலாம். 2015 திருச்செங்கோடு, 2016 உடுமலை ஆணவக் கொலைகளைப் பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்திருப்பார்கள். வகுப்பில் நீங்களாக எடுக்காதீர்கள். அவர்கள் கேட்டால் தள்ளிப்போடாமல் பதில் சொல்லுங்கள், வீடியோ போடாதீர்கள்.

நடக்கிறதா என்று எப்படித் தெரியும்

தேர்வு வைத்துப் பார்க்காதீர்கள், எல்லாரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள். பருவத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று ஒரு நோட்டில் படமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு விழா நாடகத்தில் யாருக்கு ராஜா வேஷம், யாருக்குச் சேவகன் வேஷம் என்று எழுதுங்கள். பிறந்தநாள் சாக்லெட் யார் கையில் இருந்து யார் வாங்கவில்லை என்று எழுதுங்கள். ஜூனில் போட்ட படமும் மார்ச்சில் போட்ட படமும் ஒரே மாதிரி இருந்தால் பயிற்சியை மாற்றுங்கள், பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

மாற்றல் வந்தால் அந்த நோட்டை அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளின் பெயர் இருக்கும் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்துவிடுங்கள். சார்ட் பேப்பர்களைப் பீரோவில் விடலாம். சும்மாபாளையத்தில் யாரும் குடியில்லை.